ஒரே பாலம், இரண்டு நிறம்: கண்புரையோடு வரைந்த ஓவியர் மோனேவின் கதை

பச்சைப் பசேல் என்று ஒரு குளம். அதன் மேல் வளைந்து நிற்கும் மரப்பாலம். தண்ணீர் முழுக்க அல்லி இலைகள். 1899-ல் பிரெஞ்சு ஓவியர் கிளோட் மோனே வரைந்த படம் இது. காலண்டர், காபி கப், மொபைல் வால்பேப்பர் என்று எங்கேயாவது ஒரு தடவையாவது இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அதே பாலம், அதே குளம், அதே ஓவியர். ஆனா சுமார் 20 வருஷம் கழித்து அவர் வரைந்த படங்களில் அந்தப் பச்சையைக் காணோம். செங்கல் சிவப்பு, துரு நிறம், கருகிப்போன ஆரஞ்சு. பாலம் எது, செடி எது, தண்ணீர் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோட்டமே தீப்பிடித்து எரிகிற மாதிரி இருக்கும்.

நடுவில் என்ன நடந்தது? ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: கண்புரை. ஆனா அந்த ஒரு வார்த்தையோடு முடிகிற கதை இல்லை இது.

தவணையில் விற்ற ஓவியம்

1840 நவம்பர் 14-ல் பாரிஸில் பிறந்தவர் மோனே. வளர்ந்தது லே ஹாவ்ர் என்ற துறைமுக ஊரில். ஸ்கூல் படிக்கும் வயதிலேயே ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து விற்றுக் காசு பார்த்தவர். 16 வயதில் அம்மா இறந்துபோனார். அதன் பிறகு அத்தைதான் ஆதரவு.

அந்தக் கேலிச்சித்திரப் பையனை வெட்டவெளிக்கு இழுத்துப்போனவர் யூஜீன் புதேன் என்ற உள்ளூர் ஓவியர். அறைக்குள் உட்கார்ந்து வரையாதே, கடலையும் வானத்தையும் நேரில் பார்த்து வரை என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மோனே வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டது இந்த ஒரு பாடத்தைத்தான்.

இதை எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டார் தெரியுமா? 'தோட்டத்தில் பெண்கள்' என்று ஒரு படம். உயரம் இரண்டரை மீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய கேன்வாஸையும் வெளியில் வைத்துத்தான் வரைவேன் என்று அடம்பிடித்தார். மேல் பாகம் எட்டவில்லை. தரையில் பள்ளம் வெட்டி, கேன்வாஸை அதற்குள் இறக்கி ஏற்றி வரைந்தார். படத்தில் இருக்கும் பெண்களுக்கு மாடலாக நின்றவர் அவருடைய காதலி கமீல்.

இவ்வளவு பாடுபட்ட படத்தை 1867-ல் பாரிஸின் அரசுக் கண்காட்சி நிராகரித்தது. நண்பரும் ஓவியருமான பசீல் அதை 2,500 பிராங்குக்கு வாங்கிக்கொண்டார். கையில் மொத்தமாகப் பணம் இல்லாததால் மாதம் 50 பிராங்க் தவணை! உண்மையில் அது நண்பன் பசியில் வாடாமல் இருக்கச் செய்த உதவிதான்.

அதே 1867-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. அப்போது மோனேவுக்கு 26 வயது. கண்ணில் ஏதோ கோளாறு. வெளியில் வெயிலில் வரைவதை நிறுத்திவிடு என்று டாக்டர் சொன்னதாக பசீலுக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தப் பிரச்சினை சரியாகிவிட்டது. கண் போய்விட்டால் என்ன ஆவோம் என்ற பயம் அவருக்குக் கிழவயதில் வந்தது இல்லை, 26 வயதிலேயே வந்தது.

தவணை கட்டிய பசீல் 1870-ல் பிரான்ஸ் - ப்ரஷ்யா போரில் 28 வயதில் செத்துப்போனார். மோனே மனைவி, குழந்தையோடு லண்டனுக்குப் போய்விட்டார். அங்கேதான் பால் துராண்ட்-ருவேல் என்ற ஓவிய வியாபாரி அறிமுகமானார். பின்னாளில் மோனேவின் படங்களை விற்று அவரைப் பணக்காரராக்கியவர்களில் முக்கியமானவர் இவர்.

1872-ல் லே ஹாவ்ர் துறைமுகத்தில் ஒரு விடியற்காலை. மூடுபனிக்குள் ஆரஞ்சு நிறச் சூரியன். 1874-ல் நண்பர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் இதை வைத்தபோது, படம் முடிக்கவேயில்லை, வெறும் 'இம்ப்ரெஷன்'தான் என்று ஒரு பத்திரிகையாளர் கிண்டல் அடித்தார். அந்தக் கிண்டல்தான் 'இம்ப்ரெஷனிசம்' என்று ஓர் இயக்கத்துக்கே பெயரானது. பெயர் கிடைத்தது; காசு கிடைக்கவில்லை. வாடகை பாக்கி, மளிகைக் கடன், நண்பர்களிடம் கையேந்தும் கடிதங்கள் என்று அடுத்த சில வருஷங்கள் போயின.

கமீலின் கடைசி முகம்

1879. வெத்தேய் என்ற கிராமத்தில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள். ஒன்று மோனேவுடையது. இன்னொன்று, ஒரு காலத்தில் மோனேவின் படங்களை வாங்கிக் குவித்துப் பிறகு திவாலாகிப்போன ஹோஷ்டே என்பவருடையது. சின்னதும் பெரியதுமாக 12 பேர். கமீலுக்கு இரண்டாவது மகன் பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நோய் முற்றிவிட்டது. செப்டம்பர் 5-ல் இறந்தார். வயது 32.

அன்றைக்கு மோனே ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் உதவி கேட்டார். அடகுக் கடையில் இருக்கும் ஒரு பதக்கத்தை மீட்டுத் தர வேண்டும். கமீல் ஆசையாக வைத்திருந்த ஒரே நகை அது. கழுத்தில் போட்டு அடக்கம் பண்ண வேண்டும். குடும்பம் இருந்த நிலைமை அவ்வளவுதான்.

அதே நேரத்தில் இன்னொன்றும் செய்தார். இறந்து கிடந்த மனைவியைப் படமாக வரைந்தார். வெள்ளை, சாம்பல், ஊதா நிறத் தீற்றல்களுக்கு நடுவே, பனிக்குள் மறைந்துகொண்டே போகிற மாதிரி ஒரு முகம்.

இதைப் பற்றிப் பல வருஷம் கழித்துத் தன் நண்பர் க்ளெமன்சோவிடம் மோனே மனம் விட்டுப் பேசியிருக்கிறார். உயிருக்கு உயிரான ஒருத்தி கிடக்கிறாள். தன் கண்ணோ அவள் நெற்றியில் நீலம் எப்படி மஞ்சளாகிறது, மஞ்சள் எப்படிச் சாம்பலாகிறது என்று தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதை உணர்ந்தபோது தனக்கே அதிர்ச்சியாக இருந்தது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. 20 வருஷமாக வேறு எதற்கும் பழக்காமல் நிறம் பார்க்க மட்டுமே பழக்கிய கண் அது. துக்க வீட்டில்கூட அதற்கு லீவு விடத் தெரியவில்லை. இந்தக் கண்தான் பின்னால் பழுதாகப் போகிறது.

குளம் வெட்ட ஊரே எதிர்ப்பு

1883-ல் ஜிவெர்னி கிராமத்துக்குக் குடிபோனார். படங்கள் மெல்ல விற்கத் தொடங்கின. 1890-ல் வாடகைக்கு இருந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். 1892-ல், கணவர் ஹோஷ்டே இறந்தபின் ஆலிஸை மணந்துகொண்டார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாகவே வளர்ந்தார்கள்.

வரைகிற முறையும் இந்தக் காலத்தில்தான் மாறியது. ஒரே வைக்கோல் போரைக் காலை, மதியம், மாலை, பனி, வெயில் என்று திரும்பத் திரும்ப வரைந்தார். ரூவான் நகரத்து மாதா கோயிலின் முகப்பை மட்டும் 30 படங்களுக்கு மேல். வெளிச்சம் மாற மாற ஒரு கேன்வாஸை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுவார். பொருள் முக்கியம் இல்லை, அதன் மேல் விழும் வெளிச்சம்தான் விஷயம்.

1893-ல் வீட்டுக்கு எதிரே நிலம் வாங்கிக் குளம் வெட்டப் போனபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பக்கத்து ஓடையிலிருந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும். வெளிநாட்டுச் செடி எல்லாம் போட்டுத் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டால் எங்கள் மாடு கன்றுகள் என்னாவது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கவலைதானே! கடைசியில் அனுமதி கிடைத்தது. குளம், அல்லி, அதன் மேல் ஜப்பானியப் பாணியில் பாலம். அல்லி இலையில் படியும் தூசியைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. படகில் போய்ச் சுத்தம் செய்ய ஒரு தோட்டக்காரர். வண்டிகள் புழுதி கிளப்பாமல் இருக்க வீட்டு முன்னால் போகும் சாலைக்குத் தன் செலவில் தார் போட்டார்.

குறையைச் சகிக்கவே மாட்டார் மோனே. 1908-ல் அல்லிக்குளப் படங்களின் கண்காட்சி ஒன்று ஏற்பாடாகியிருந்தது. திருப்தி வரவில்லை. குறைந்தது 15 படங்களையாவது கத்தியால் கிழித்துப் போட்டார். கண்காட்சி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. அன்றைக்கு அவர் படம் ஒன்றின் விலை என்ன என்று தெரிந்தவர்கள் எல்லாம் வாயடைத்துப்போனார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அடுத்து வந்த அடி.

1912: டாக்டர் சொன்ன செய்தி

1911-ல் ஆலிஸ் இறந்தார். 1912-ல், வலது கண்ணில் பார்வை கிட்டத்தட்ட இல்லை என்று மோனே கவனித்தார். சோதித்த டாக்டர், இரண்டு கண்ணிலும் கண்புரை, வலதில் அதிகம் என்றார். 1914 பிப்ரவரியில் மூத்த மகன் ஜான் இறந்தார். அதே ஆகஸ்டில் முதல் உலகப் போர். இளைய மகன் மிஷேல் ராணுவத்துக்குப் போனார்.

வீட்டில் கூட இருந்தது ப்ளான்ஷ் மட்டும். ஆலிஸின் மகள், ஜானின் மனைவி, அதாவது ஒரே நேரத்தில் மோனேவுக்கு வளர்ப்பு மகளும் மருமகளும். அவரும் ஓவியர்தான். தன் தூரிகையை ஒதுக்கி வைத்துவிட்டு மாமனாரைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டார்.

சரி, கண்புரை என்றால் என்ன? நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தெளிவாக, கண்ணாடி மாதிரி இருக்கும். வயதாக ஆக அது மங்கும். மங்குவதோடு இல்லாமல் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். மஞ்சள் பழுப்புக் கண்ணாடித்தாளைக் கண் முன்னால் ஒட்டிய மாதிரி. இதில் முதலில் அடிபடுவது நீலமும் ஊதாவும். அந்த ஒளி உள்ளே போகாமல் லென்ஸே தடுத்துவிடும். அப்புறம் பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று குழம்பும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு மட்டும் தாக்குப்பிடிக்கும். வெளிச்சம் அதிகமானால் கண் கூசும்.

வாழ்க்கை முழுக்க வெளிச்சத்தின் பின்னால் ஓடியவருக்கு வெளிச்சமே எதிரியாகிவிட்டது. உச்சி வெயில் நேரத்தில் வெளியே வரைவதைக் குறைத்தார். அகலமான வைக்கோல் தொப்பி போட்டார். பெயின்ட் ட்யூபில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் நிறத்தை எடுத்தார். தட்டில் எந்த நிறம் எந்த இடம் என்று வரிசை மாறாமல் வைத்துக்கொண்டார். கண் சொல்வதை நம்ப முடியாதபோது கையும் பழக்கமும்தான் வழிகாட்டின.

மஞ்சள் கண்ணாடி வழியா பார்த்தா படம் ஏன் சிவப்பாகணும்?

இங்கே ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. பல பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மோனேவுக்குக் குளம் பழுப்பாகத் தெரிந்தது, அதனால் பழுப்பாக வரைந்தார் என்று சொன்னால் கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனா யோசித்துப் பாருங்கள். குளத்தைப் பார்க்கும் அதே கண்ணால்தானே கேன்வாஸையும் பார்க்கிறார்? பச்சை இலை அவருக்குப் பழுப்பாகத் தெரிந்தால், பச்சை பெயின்ட்டும் பழுப்பாகத்தானே தெரியும்? இரண்டையும் பொருத்திப் பார்த்து வரைந்தால், நம் கண்ணுக்குப் படம் சரியான பச்சையாகத்தான் வர வேண்டும். கண்ணின் தப்பு தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அப்படி நடக்கவில்லை. ஏன்?

ஒரு காரணம், பொருத்திப் பார்க்கவே முடியாத அளவுக்கு நிறங்கள் ஒன்றாகிவிட்டன. கரும்பச்சை, கருநீலம், கருப்பு மூன்றும் அவருக்கு ஒரே இருட்டு. எதைப் பூசினாலும் ஒன்றுதான். இரண்டாவது, மங்கலாகத் தெரிவதை ஈடுகட்ட, தனக்குப் பளிச்சென்று தெரிகிற நிறத்தை அள்ளிப் பூசியிருக்கலாம். மூன்றாவது, இந்த வயதில் அவர் நிறைய நேரம் ஸ்டூடியோவில், குளத்தை நேரில் பார்க்காமல் நினைவிலிருந்து வரைந்தார். நினைவில் இருப்பது நல்ல கண்ணால் பார்த்த குளம். எதிரில் இருப்பது கெட்ட கண்ணால் பார்க்கும் கேன்வாஸ். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கண் மருத்துவர் மைக்கேல் மார்மர் 2006-ல் ஒரு வேலை செய்தார். மோனேவின் பார்வை அளவுக் குறிப்புகளை வைத்து, கம்ப்யூட்டரில் அவர் கண் வழியாகத் தோட்டமும் படங்களும் எப்படித் தெரிந்திருக்கும் என்று உருவாக்கிப் பார்த்தார். தெரிந்தது மங்கலான, மஞ்சள் பழுப்பு கலந்த ஒரு உலகம். நமக்குக் கண்ணைப் பறிக்கிற அந்தச் சிவப்புப் பாலங்கள் அவருக்கு அவ்வளவு கூச்சலாகத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

அதுக்காக எல்லாவற்றையும் கண்புரை கணக்கிலேயே எழுதிவிடவும் முடியாது. கரை இல்லாத, அடிவானம் இல்லாத, தண்ணீரும் பிம்பமும் மட்டும் நிரம்பிய படங்களை அவர் 1900-களின் முதல் பத்து வருஷங்களிலேயே வரைந்துவிட்டார். அப்போது கண்புரை என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்கவில்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்துதான் போய்க்கொண்டிருந்தார். கண் அந்தப் பாதையை இருட்டாக்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பீரங்கிச் சத்தம் கேட்கும் ஸ்டூடியோ

ஜார்ஜ் க்ளெமன்சோ. படித்தது டாக்டருக்கு, ஆனது அரசியல்வாதி. 1917-ல் பிரான்ஸின் பிரதமர். மோனேவின் நெருங்கிய நண்பர். ஜான் இறந்த துக்கத்தில் மோனே சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, பெரிய அளவில் அல்லிக்குளத்தை வரையச் சொல்லிக் கிளப்பிவிட்டவர்களில் முக்கியமானவர் இவர்.

அதற்காகவே போர்க்காலத்தில் பெரிய ஸ்டூடியோ ஒன்று எழும்பியது. பார்க்கச் சகிக்காத கட்டடம் என்று கட்டியவரே அலுத்துக்கொண்டார். 1918-ல் ஜெர்மன் படை நெருங்கியது. பீரங்கிச் சத்தம் ஜிவெர்னி வரை கேட்டது. பலரும் ஊரைக் காலி செய்தார்கள். மோனே நகரவில்லை. சாவதென்றால் என் கேன்வாஸ்களுக்கு நடுவிலேயே சாகிறேன் என்ற முடிவோடு இருந்தார்.

நவம்பர் 11-ல் போர் நின்றது. மறுநாளே க்ளெமன்சோவுக்குக் கடிதம்: இரண்டு பெரிய பேனல்களை வெற்றியின் நினைவாக நாட்டுக்குத் தருகிறேன். அந்த இரண்டு பேனல் பேச்சுவார்த்தையில் வளர்ந்து வளர்ந்து, பாரிஸின் ஒரான்ஜரி கட்டடத்தில் இரண்டு நீள்வட்ட அறைகள் முழுக்க நிரப்பும் திட்டமாக மாறியது.

இதில் ஒரு சுவையான நிபந்தனை. கொடை வேண்டுமென்றால் அரசு தன் பழைய படம் ஒன்றை வாங்க வேண்டும் என்றார் மோனே. எந்தப் படம்? 1867-ல் நிராகரிக்கப்பட்ட அதே 'தோட்டத்தில் பெண்கள்'. பல கை மாறி அது மறுபடி அவரிடமே வந்து சேர்ந்திருந்தது. 1921-ல் அரசு கொடுத்த விலை 2,00,000 பிராங்க். பசீல் தவணையில் கொடுத்த 2,500-ஐ நினைத்துப் பாருங்கள். 54 வருஷம் இதை மனசில் வைத்திருந்திருக்கிறார் மனிதர்!

1922 ஏப்ரலில் கையெழுத்தானது. இரண்டு வருஷத்தில் படங்களை ஒப்படைக்க வேண்டும். அந்த நேரத்தில் வலது கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. இடது கண்ணில் சாதாரணப் பார்வையில் பத்தில் ஒரு பங்கு.

ஆபரேஷன்

பத்து வருஷமாக அவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. ஓவியர் மேரி கசாட்டுக்குச் செய்த கண்புரை ஆபரேஷன்கள் பலன் தரவில்லை. அவருக்கு முந்தைய தலைமுறை ஓவியர் தோமியேவும் கடைசியில் பார்வை இழந்தவர். அது மட்டும் இல்லை. பார்வை கிடைத்தாலும் நிறம் மாறிவிட்டால்? மங்கலாகப் பார்ப்பதே மேல், தப்பான நிறத்தைப் பார்ப்பதைவிட என்பது அவர் பயம். டாக்டருக்குப் படித்த க்ளெமன்சோ விடாமல் வற்புறுத்தினார்.

1923 ஜனவரியில் டாக்டர் ஷார்ல் கூட்டேலா வலது கண்ணில் இரண்டு கட்டமாக ஆபரேஷன் செய்தார். மோனேவுக்கு வயது 82. இன்றைக்குச் சில நிமிடங்களில் கெட்டுப்போன லென்ஸை எடுத்து, செயற்கை லென்ஸ் வைத்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது செயற்கை லென்ஸே கிடையாது; அது முதன்முதலில் லண்டனில் பொருத்தப்பட்டது 1949-ல்தான். 1923-ல் லென்ஸை எடுப்பார்கள், அவ்வளவுதான். காயம் பிரியாமல் இருக்கத் தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் பல நாள் மல்லாந்து கிடக்க வேண்டும். மோனே அடங்கிக் கிடக்கிற ஆளா? கட்டைப் பிய்த்தெறியப் பார்த்தார். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வும் மங்கியதால் ஜூலையில் மூன்றாவது முறை கத்தி வைக்க வேண்டியதாயிற்று.

ஒரு கண்ணில் நீலம், ஒரு கண்ணில் மஞ்சள்

கட்டு அவிழ்ந்தபின் தெரிந்தது அவர் பயந்த மாதிரியே இருந்தது. முதலில் எல்லாம் மஞ்சள். பிறகு எல்லாம் நீலம். இயற்கை லென்ஸ் ஒரு வடிகட்டி மாதிரி. நீல ஒளியில் கொஞ்சத்தையும், புற ஊதா ஒளியில் பெரும்பங்கையும் தடுத்து வைத்திருக்கும். அந்த வடிகட்டியே இல்லாதபோது வலது கண்ணில் நீலம் வெள்ளமாகப் பாய்ந்தது. இடது கண்ணிலோ பழைய கண்புரை அப்படியே இருந்தது. ஒரு கண்ணில் நீல உலகம், ஒரு கண்ணில் பழுப்பு உலகம். லென்ஸுக்குப் பதிலாகப் போட்ட தடித்த கண்ணாடியில் எல்லாம் பெரிதாக, கோணலாகத் தெரிந்தது. படி இறங்கவே பயந்தார்.

இதைவிடக் கொடுமை இன்னொன்று. கண்புரைக் காலத்தில் தான் வரைந்த படங்களை இப்போதுதான் அவர் உண்மையில் பார்த்தார். அந்தச் சிவப்பு, அந்த ஆரஞ்சு! குறையே ஆகாது என்று நல்ல படங்களையே கிழித்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

சிலவற்றைத் திருத்தினார். சிலவற்றை அழித்தார். கடைசிக் காலத்தில் நிறையக் கேன்வாஸ்கள் தோட்டத்து நெருப்பில் போயின. ஒப்படைக்கும் தேதி தாண்டியது. 1925 தொடக்கத்தில் கொடையே வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அரசுக்கு எழுதிவிட்டார். க்ளெமன்சோவுக்கு வந்த கோபத்தில் அந்த நட்பே முறியும் நிலைக்குப் போனது.

திருப்பம் தந்தது ஒரு கண்ணாடி. 1924-ல் பார்க்க வந்த ஜாக் மாவாஸ் என்ற இன்னொரு கண் மருத்துவர், நிறம் சேர்த்த புதுக் கண்ணாடிகளை ஏற்பாடு செய்தார். ஆபரேஷன் செய்யாத இடது கண்ணை மூடிவிட்டு வலது கண்ணால் மட்டும் பார்க்கப் பழகினார் மோனே. இடது கண்ணில் கத்தி வைக்கக் கடைசி வரை சம்மதிக்கவே இல்லை. 1925-ல் நிறங்கள் ஓரளவு பழைய ஒழுங்குக்கு வந்தன. பெரிய பேனல்களுக்குத் திரும்பினார். 84 வயதில், ஒற்றைக் கண்ணோடு, இரண்டு மீட்டர் உயரக் கேன்வாஸ்களைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார்.

அதனால்தான் ஒரான்ஜரி படங்களை எந்தக் கண்ணின் படங்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே பேனலில் கண்புரைக்கு முந்தைய நினைவு, கண்புரைக் காலத்துப் பூச்சு, ஆபரேஷனுக்குப் பிந்தைய திருத்தம் மூன்றும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. உடைந்த கண்ணை அவர் கொண்டாடவில்லை. கடைசி வரை அதோடு சண்டைதான் போட்டார்.

அந்தப் படங்கள் இப்போ எங்கே?

1926 டிசம்பர் 5-ல் நுரையீரல் புற்றுநோயால் மோனே இறந்தார். வயது 86. சவப்பெட்டியின் மேல் போட்டிருந்த கறுப்புத் துணியை க்ளெமன்சோ இழுத்துப் போட்டுவிட்டு, பூப்போட்ட வீட்டுத் துணி ஒன்றைப் போர்த்தினார் என்று சொல்வார்கள். மோனேவுக்குக் கறுப்பு ஆகாது என்பது அவர் எண்ணம்.

உயிரோடு இருக்கும்வரை மோனே எந்தப் பேனலையும் கையை விட்டு அனுப்பவில்லை. 1927 மே 17-ல் ஒரான்ஜரி அறைகள் திறக்கப்பட்டன. 22 பேனல்கள், 8 ஓவியங்கள், வரிசையாக நிறுத்தினால் சுமார் 90 மீட்டர். ஆனா கூட்டம் வரவில்லை! கிழவரின் கண் போன காலத்து வேலை என்று பலர் ஒதுக்கினார்கள். 1944-ல் பாரிஸ் விடுதலைச் சண்டையில் கட்டடத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. 1960-களில் மேலே ஒரு மாடி கட்டியதில், மோனே கேட்டு வாங்கிய இயற்கை வெளிச்சம் அடைபட்டுப்போனது. 2006-ல்தான் அந்த மாடியை அகற்றி, வெயிலும் மேகமும் மறுபடி படங்களின் மேல் விழும்படி செய்தார்கள்.

இந்தக் கடைசிப் படங்களை உலகம் திரும்பிப் பார்த்ததே 1950-களில்தான். பொருளே இல்லாமல் நிறத்தை மட்டும் வைத்து வரைந்த அமெரிக்க ஓவியர்களுக்கு அப்போது பேர் வந்திருந்தது. அவர்களைப் பார்த்த கண்ணுக்கு மோனேவின் கிழவயதுப் படங்கள் புதுசாகத் தெரிந்தன. 1955-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு பெரிய அல்லிக்குளத்தை வாங்கியது. மூன்றே வருஷத்தில் ஒரு தீ விபத்தில் அது எரிந்துபோனது. உடனே வேறு பேனல்களை வாங்கி வைத்தார்கள்.

நெருப்புக்கும் கத்திக்கும் தப்பிய சிவப்புப் பாலங்கள் பல வருஷம் ஜிவெர்னி ஸ்டூடியோவிலேயே கிடந்தன. மகன் மிஷேல் 1966-ல் கார் விபத்தில் இறந்தபோது, அவர் உயில்படி அந்தச் சொத்து பாரிஸின் மார்மோட்டான் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்றைக்கு அங்கே போனால் அந்தப் பாலங்களை வரிசையாகப் பார்க்கலாம். கிழவயதுப் படங்கள் பலவற்றின் மூலையில் மோனேவின் பெயர் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால், அது தூரிகையால் போட்ட கையெழுத்து இல்லை. அவர் இறந்த பிறகு குத்தப்பட்ட முத்திரை. முடிந்துவிட்டது என்று அவர் நினைக்காத படங்களில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.